குடும்பக் காருக்கு மாற்று ஸ்பீக்கர்

கார் நிறுவனங்கள் கதவில் வைத்துத் தரும் ஸ்பீக்கர் பெரும்பாலும் காகிதக் கோன், சின்னக் காந்தம், பிளாஸ்டிக் சட்டம் என்ற அளவில்தான் இருக்கும். விலையைக் கட்டுக்குள் வைக்கச் செய்யும் ஏற்பாடு அது. வறண்ட உள்நாட்டு ஊர்களில் அதே ஸ்பீக்கர் பல ஆண்டுகள் குறையில்லாமல் ஓடும். கடலூர் முதுநகரிலோ தேவனாம்பட்டினத்திலோ பரங்கிப்பேட்டையிலோ இரவெல்லாம் திறந்த வெளியில் நிற்கும் காரில் அந்த ஆயுளை எதிர்பார்க்க முடியாது. உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பூக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் காகிதம் ஈரத்தை இழுத்துத் தளர்கிறது. சித்திரை வெயிலில் பூட்டிக் கிடக்கும் காருக்குள் சூடு 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது ஒட்டுப்பசை இளகுகிறது. இந்தக் கடற்கரையில் ஸ்பீக்கருக்கு முதல் எதிரி ஈரம். அதிகச் சத்தம் அதற்கு அடுத்ததுதான். ஆனால் கடையில் பேச்சு எப்போதும் வாட்ஸிலிருந்துதான் தொடங்கும். வாங்குகிறவர் பொருள் எதனால் ஆனது, காரில் எப்படி உட்காரும் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

கெட்டது ஸ்பீக்கர்தானா?

புது ஸ்பீக்கர் வாங்கிய பிறகும் கரகரப்பு போகவில்லை என்ற புகார் புதிதல்ல. பல நேரங்களில் குறை வேறு இடத்தில் இருக்கும். கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரம் நோக்கிப் போகப் போக, புதுச்சேரி ரெயின்போ பண்பலையின் 102.8 மெகாஹெர்ட்ஸ் அலை மெலிகிறது. காரைக்கால் பண்பலையின் 100.3 வலுக்கிறது. நடுவழியில் கேட்கும் இரைச்சலுக்கு ஸ்பீக்கர் பொறுப்பாகாது. ஆகவே சோதனையை வானொலியில் செய்யக் கூடாது. நல்ல தரத்தில் பதிந்த பாட்டு ஒன்றைப் பென்டிரைவில் போட்டு, வண்டியை நிறுத்தி, நடுத்தர ஒலியளவில் கேட்க வேண்டும். பிறகு பேலன்ஸ், ஃபேடர் இரண்டையும் நகர்த்தி, நான்கு மூலைகளில் ஒவ்வொன்றையும் தனியே ஒலிக்கவிட வேண்டும். நான்கிலும் ஒரே மாதிரியான குறை தெரிந்தால் சந்தேகம் செட்டின் மேல். ஒரு மூலையில் மட்டும் தெரிந்தால் அந்த ஸ்பீக்கர் அல்லது அதற்குப் போகும் வயர்.

அடித்தொனி வரும்போது மட்டும் கடகடவென்று சத்தம் வருகிறதா? அப்போது டோர் பேடைக் கையால் அழுத்திப் பிடித்துக் கேட்க வேண்டும். சத்தம் நின்றால் அது தளர்ந்த கிளிப்பின் வேலை. கிளிப்பின் விலை சில ரூபாய்தான். அதற்கும் மசியாவிட்டால் பேடைக் கழற்றி, ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கலாம். 4 ஓம் என்று குறித்த ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 ஓம் வரை காட்டும். மீட்டர் முள் அசையவே இல்லையென்றால் உள்ளே காயில் அறுந்துவிட்டது. கோனின் இருபுறமும் விரல்களை வைத்து மெல்ல உள்ளே அழுத்தும்போது உரசல் தட்டினால், காயில் அதன் இடைவெளியில் துருவோடு மோதுகிறது என்று கொள்ளலாம். இந்த இரண்டு குறைகளில் எது இருந்தாலும் பழுது பார்ப்பதில் பயனில்லை. முனை மட்டும் பச்சை பூத்திருந்தால் சுரண்டித் துடைத்து, புதுக் கப்ளர் போட்டால் பழைய ஸ்பீக்கரே இன்னும் சில காலம் உழைக்கும்.

அளவெடுப்பது

வயிற்றளவு தெரியாமல் வாங்கிய ஸ்பீக்கர் கதவில் உட்காராது. கடைகளில் 4 இன்ச், 5.25 இன்ச், 6.5 இன்ச், பின்புறப் பார்சல் ட்ரேவுக்கான 6க்கு 9 நீள்வட்டம் என்று பேசிக்கொள்வார்கள். இந்த இன்ச் கணக்கு முழுத் துல்லியமானதல்ல. 6.5 இன்ச் என்ற ஒரே பெயரில் வரும் இரண்டு தயாரிப்புகளின் திருகு ஓட்டைகள் வேறு வேறு வட்டத்தில் இருக்கும். வெட்டுத் துளையின் விட்டமும் சில மில்லிமீட்டர் மாறும். ஒரே மாடல் காரிலேயே வேரியன்ட்டுக்கு வேரியன்ட் ஏற்பாடு மாறுவதுண்டு. கீழ்மட்ட வேரியன்ட்டில் வயர் மட்டும் ஓடியிருக்கும், ஸ்பீக்கர் இருக்காது. மேல்மட்டத்தில் கண்ணாடி முக்கோணத்திலோ டேஷ்போர்டிலோ தனி ட்வீட்டர் உட்கார்ந்திருக்கும். நண்பர் வீட்டுக் காரில் பொருந்தியது என்ற சான்றை நம்பாமல், சொந்தக் காரின் டோர் பேடைக் கழற்றி அளவெடுப்பதே சரி.

விட்டத்தைவிட ஆழம்தான் அதிகம் ஏமாற்றும். ஆழம் அளக்கும்போது ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஏற்றி வைத்து அளந்து வாங்கினால், முதல் டோல்கேட்டில் கண்ணாடியை இறக்கும்போது அது காந்தத்தின் முதுகில் இடித்து நிற்கும். முன்பக்கமும் இடம் பார்க்க வேண்டும்: நடுவில் ட்வீட்டர் துருத்திக்கொண்டிருக்கும் வகையில் அது கார்க் கிரில்லின் உட்புறத்தைத் தொடக் கூடாது. கார் நிறுவனம் வைக்கும் ஸ்பீக்கரில் சட்டமும் உயர்த்து வளையமும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பாக இருப்பது வழக்கம். அதை எடுத்தால் வளையமும் சேர்ந்து போய்விடும். எனவே புது ஸ்பீக்கரோடு அந்தக் காருக்கான அடாப்டர் வளையத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வளையத்தில் ஒரு எச்சரிக்கை. பல கடைகளில் எம்.டி.எஃப். பலகையில் வெட்டிய வளையத்தைக் கொடுப்பார்கள். ஒலிக்கு அது நல்லதுதான். ஆனால் கார்க் கதவின் உட்புறம் மழை ஓடும் இடம். பூச்சில்லாத எம்.டி.எஃப். ஒரே மழைக்காலத்தில் ஊதிப் பிளந்து, திருகுகள் பிடிப்பிழந்துவிடும். ஏபிஎஸ் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் வளையம் கடலோரத்துக்கு ஏற்றது. எம்.டி.எஃப். தவிர வேறு வழியில்லை என்றால் வெட்டு விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் எபாக்சி அல்லது ஆயில் பெயின்ட் இரண்டு கோட்டு அடித்த பிறகே மாட்ட வேண்டும்.

வாட்ஸ், ஓம், உணர்திறன்

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட 300 வாட்ஸ், 350 வாட்ஸ் என்பது ஸ்பீக்கர் கணநேரம் தாங்கக்கூடிய உச்சம். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. சிறிய எழுத்தில் ஆர்எம்எஸ் என்று தனியே கொடுத்திருப்பார்கள். தொடர்ந்து தாங்கும் அளவு அதுதான். 6.5 இன்ச் சாதாரண ஸ்பீக்கரில் அது பெரும்பாலும் 30 முதல் 60 வரை இருக்கும்.

செட் எவ்வளவு கொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட். தனி ஆம்ப் இல்லாத செட் அந்த அழுத்தத்தை அப்படியே வைத்து 4 ஓம் ஸ்பீக்கரை ஓட்டினால், சுத்தமான ஒலியில் ஒரு சேனலுக்குக் கணக்குப்படி வரக்கூடிய உச்சம் 26 வாட்ஸ். நடைமுறை இழப்புகள் போக 15 முதல் 20 வாட்ஸ் மிஞ்சும். செட்டின் முகப்பில் 50 வாட்ஸ் பெருக்கல் 4 என்று எழுதியிருப்பது அலை முழுதும் சதுரமாக வெட்டுப்பட்ட நிலையில் வரும் எண். அந்த நிலையில் வருவது இரைச்சல், பாட்டு அல்ல. எனவே கம்பெனி செட்டோடு 100 வாட்ஸ் ஆர்எம்எஸ் ஸ்பீக்கரை வாங்கி மாட்டுவதால் சத்தம் கூடாது. பல நேரங்களில் குறையவும் செய்யும், ஏனென்றால் அதிக வாட்ஸ் தாங்கும் கனமான கோனை அசைக்கவே கூடுதல் மின்சாரம் வேண்டும்.

அந்தக் காரணத்தால் கம்பெனி செட்டை மாற்றாமல் ஸ்பீக்கரை மட்டும் மாற்றுகிறவர் முதலில் பார்க்க வேண்டிய எண் உணர்திறன். ஒரு வாட் மின்சாரம் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறது என்பதே அது. 3 டெசிபெல் கூடுதல் என்றால் பாதி மின்சாரத்திலேயே அதே சத்தம். 92 டெசிபெல் ஸ்பீக்கர் 18 வாட்ஸில் எழுப்பும் ஒலியை 88 டெசிபெல் ஸ்பீக்கர் எழுப்ப 45 வாட்ஸ் தேவைப்படும். சாதாரணச் செட்டிடம் அது கிடையாது. இந்த எண்ணிலும் ஒரு தந்திரம் உண்டு. சில நிறுவனங்கள் ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் கொடுத்து அளக்கின்றன. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் இரண்டு வாட்ஸ். அதனால் கிடைக்கும் எண் 3 டெசிபெல் பெரிதாகத் தெரியும். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது அளவு முறையும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். அமெரிக்க நுகர்வோர் தொழில்நுட்பச் சங்கத்தின் சிடிஏ 2031 முறைப்படி அளந்த எண் என்று குறித்திருந்தால் ஒப்பிடுவது எளிது.

ஓம் விஷயத்தில் பரிசோதனை வேண்டாம். செட்டின் கையேடு 4 ஓம் என்றால் 4 ஓம். சந்தையில் 3 ஓம், 2 ஓம் ஸ்பீக்கர்களும் உண்டு. அவை செட்டிலிருந்து அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சத்தம் கூடியதுபோலக் காட்டும். கோடை மதியத்தில் டேஷ்போர்டு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கூடுதல் மின்னோட்டம் செட்டின் உள்ளிருக்கும் ஆம்ப் சில்லைச் சூடாக்கி, பாட்டை நடுவில் நிறுத்திவிடும்.

போஸ், ஜேபிஎல், ஹார்மன், சோனி என்ற பெயர்ப்பலகையோடு தொழிற்சாலையிலேயே தனி ஆம்ப் வைத்து வந்த கார்களில் நிலைமை வேறு. அங்கே ஓம் அளவு வழக்கத்துக்கு மாறாக இருக்கலாம். செட்டின் ஒலிச்சமன் அந்தக் குறிப்பிட்ட ஸ்பீக்கருக்காகவே செதுக்கப்பட்டிருக்கும். விலை உயர்ந்த ஸ்பீக்கரை மாட்டிய பிறகு குரல் பின்வாங்கி அடித்தொனி மட்டும் உறுமுவது இப்படித்தான். அத்தகைய கார்களுக்குக் கம்பெனி உதிரி ஸ்பீக்கரையே வாங்கிப் போடுவது புத்திசாலித்தனம், விலை கொஞ்சம் கூடினாலும்.

உப்பும் ஈரமும் தாங்கும் பொருள்

பெட்டியைப் பிரித்து, ஸ்பீக்கரைக் கையில் வாங்கிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாத பகுதி இது. முதலில் பார்க்க வேண்டியது கோனையும் சட்டத்தையும் இணைக்கும் விளிம்பு வளையம். ஃபோம் விளிம்பு மென்மையானது, கோன் தாராளமாக அசையும், புதிதில் அடித்தொனி இனிமையாக இருக்கும். ஆனால் பாலியூரிதேன் ஃபோம் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேதியியல் முறையில் சிதைந்து, விரல் பட்டால் உதிரும் பொடியாகிவிடும். கடலூர் போன்ற ஊரில் ஆண்டின் பெரும்பகுதி இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. பியூட்டைல் ரப்பர் விளிம்பு சற்றுக் கனமானாலும் பல மடங்கு காலம் நிற்கும். ரெசின் தோய்த்த துணி விளிம்பு இரண்டுக்கும் நடுவில். ரப்பரா, ஃபோமா என்பது நகத்தால் மெல்ல அழுத்தினாலே தெரியும்: ஃபோம் பள்ளம் விழுந்து மெதுவாக எழும், ரப்பர் உடனே துள்ளும்.

கோனில் பாலிபுரோப்பிலீன் கடலோரத்துக்குப் பாதுகாப்பான தேர்வு. தண்ணீரை உறிஞ்சாது, வடிவம் மாறாது. கண்ணாடி இழை, அராமிட் இழை கலந்த கோன்கள் இன்னும் விறைப்பானவை. விலையும் அதற்கேற்ப ஏறும். காகிதத்தை ஒரேயடியாக ஒதுக்கத் தேவையில்லை. குரலுக்கும் தோல் கருவிகளுக்கும் காகிதக் கோன் தரும் இயல்பான தொனியை விரும்புகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள், விலை உயர்ந்த வீட்டு ஸ்பீக்கர்களிலும் அது இன்றும் உண்டு. முன்புறமும் பின்புறமும் நீர்விலக்குப் பூச்சு பூசிய காகிதமா என்பதே கேள்வி. பூச்சில்லாத சாம்பல் நிறக் காகிதம் கார்க் கதவுக்கு வேண்டாம். குறிப்பாகக் கிள்ளை, சாமியார்பேட்டை போன்ற கடலோரச் சிற்றூர்களில்.

பின்புறத்தைத் திருப்பினால் காந்தம். கறுப்பு ஃபெரைட் காந்தம் பெரிது, கனம், ஆனால் துருப்பிடிக்காது. அதன் மேலும் கீழும் உள்ள இரும்புத் தட்டுகள்தான் துருப்பிடிக்கும். அவற்றில் முலாமோ கெட்டியான பெயின்டோ இருக்க வேண்டும். ஆழம் குறைந்த ஸ்பீக்கர்களில் வரும் நியோடிமியம் காந்தம் சிறிது, வலிது, எனினும் முலாம் கீறினால் விரைவில் அரித்துப் போகும் தன்மையுடையது. கதவு இடம் தராத கார் அல்லாமல் மற்றவற்றுக்கு இங்கே ஃபெரைட்டே மேல். சட்டம் அழுத்து இரும்பாக இருந்தால் விளிம்புகளிலும் திருகு ஓட்டைகளிலும் பெயின்ட் முழுமையாக ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். அலுமினிய வார்ப்பு அல்லது கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் சட்டம் துருக் கவலையைப் போக்கிவிடும்.

படகுகளுக்கென்று தனியே மரைன் ஸ்பீக்கர்கள் விற்கிறார்கள். உப்புத் தெளிப்பும் புற ஊதாக் கதிரும் தாங்கும்படி செய்தவை. கூரை திறந்த ஜீப் வைத்திருப்பவர்களுக்கு அவை பொருந்தும். மூடிய குடும்பக் காருக்கு அந்தச் செலவு மிகை.

கோஆக்சியலா, காம்பொனன்ட்டா

ஒரே சட்டத்தில் வூஃபரும் அதன் நடுவில் ட்வீட்டரும் சேர்ந்து வருவது கோஆக்சியல். வூஃபர், ட்வீட்டர், அலைகளைப் பிரித்துத் தரும் கிராஸ்ஓவர் மூன்றும் தனித்தனியே வருவது காம்பொனன்ட். முன்பக்கத்தில் ஏற்கெனவே தனி ட்வீட்டர் இடம் இருக்கும் காருக்குக் காம்பொனன்ட் இயல்பாகப் பொருந்தும். அத்தகைய காரின் கதவில் கோஆக்சியலை மாட்டிவிட்டு மேலே உள்ள பழைய ட்வீட்டரையும் ஓடவிடுவது பரவலான தவறு. இரண்டு ட்வீட்டர்களும் ஒரே சேனலில் இணையாக விழுந்து, மேல் அலைகளில் ஓம் பாதியாகிறது. ஒலியும் காதைக் குத்தும். கோஆக்சியல் போட்டால் பழைய ட்வீட்டரின் கப்ளரைக் கழற்றிவிட வேண்டும்.

ட்வீட்டருக்கு இடம் இல்லாத காரில் ஏ-பில்லரைத் துளைத்து வைப்பது அழகாகத் தெரியும். திரை ஏர்பேக் உள்ள காரில் அதைச் செய்யவே கூடாது. பில்லர் உறையின் பின்னால்தான் அந்தப் பை மடிந்து கிடக்கிறது. விரியும்போது அங்கே ஒட்டிய எதுவும் பயணியின் முகத்தை நோக்கிப் பாயும். மஞ்சள் நிறக் கப்ளரோ மஞ்சள் சுற்றோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் வயர், கடைக்காரர் உட்பட யாரும் கை வைக்கலாகாது. சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் அழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது. பெரிய ஸ்பீக்கர் நுழையட்டும் என்று கதவின் உள் தகட்டை வெட்டிப் பெரிதாக்குவதை மறுக்க அதுவும் ஒரு காரணம்.

பட்ஜெட்டைப் பிரிக்கும்போது முன்பக்கத்துக்கே பெரும்பங்கு. பின் ஸ்பீக்கர் பிள்ளைகளுக்குப் பாட்டு கேட்டால் போதும் என்ற அளவில் இருக்கலாம். பழையது நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். நான்கு மலிவு ஸ்பீக்கர்களைவிட முன்னால் ஒரு நல்ல ஜோடி மேல். டிக்கியில் சப்வூஃபர் பெட்டி வைப்பது தனிப்பட்ட விருப்பம். ஆனால் பொங்கலுக்கும் திருமணத்துக்கும் மூட்டை முடிச்சோடு புறப்படும் குடும்பத்துக்கு டிக்கி இடம் பெரிது.

கடையில் கேட்பது எப்படி

கடைச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் டிஸ்ப்ளே போர்டு கெட்டியான பலகையால் ஆனது. பின்னால் வலுவான ஆம்ப் இருக்கும். கார்க் கதவோ மெல்லிய தகடு. போர்டில் கேட்ட ஒலி காரில் வராது. இரண்டு ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேட்டால் சத்தம் சற்றுக் கூடுதலாக வருவதைக் காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும். எனவே ஒலியளவைச் சமமாக்கிக் கொடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சாலையில் டயர் இரைச்சல் பெரும்பாலும் அடித்தொனிப் பகுதியில் விழுந்து அதை மூடிவிடும். கடலூர் சிதம்பரம் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, கடையில் மெய்சிலிர்க்கவைத்த டும்டும் பாதி காணாமல் போகும். அந்த வேகத்திலும் பாடகரின் சொல் தெளிவாகக் கேட்கிறதா என்பதே குடும்பக் காருக்கு உரிய அளவுகோல்.

கொண்டுபோகும் பாட்டுகளும் அந்த வீட்டார் உண்மையில் கேட்பவையாக இருக்க வேண்டும். நாகசுரம் ஸ்பீக்கருக்குக் கடுமையான பரீட்சை. அதன் ஓசையின் வலுவான பகுதி மனிதக் காது மிகக் கூர்மையாக உணரும் அலைவரிசையிலேயே விழுகிறது. 1962இல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் எஸ். ஜானகியின் குரலும் போட்டியிடும் பாட்டு இதற்கு நல்ல கருவி. மலிவான உலோக ட்வீட்டரில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கீச்சிடும். பட்டுத் துணிக் குவிமாட ட்வீட்டரில் வாத்தியமும் குரலும் தனித்தனியே நிற்கும். சீர்காழி கோவிந்தராஜன், சிதம்பரம் ஜெயராமன் காலத்துப் பழைய மோனோ பதிவுகளை மிகுதியாகக் கேட்கும் வீட்டில் மேல் அலைகளைக் கூட்டிக் காட்டும் ஸ்பீக்கர் நாடாவின் இரைச்சலைத்தான் கூட்டிக் காட்டும். 1986இல் வந்த இளையராஜாவின் ஹவ் டு நேம் இட் இசைத்தொகுப்பில் வயலின் கூட்டத்துக்குக் கீழே பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்டால் வூஃபர் தேறிவிட்டது. கேட்பது பெரும்பாலும் பண்பலை வானொலிதான் என்றால் அதில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியே இல்லை. விலை உயர்ந்த ட்வீட்டருக்குச் செலவழிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கடலூரிலோ சிதம்பரத்திலோ கடையில் விரும்பிய மாடல் இல்லாவிட்டால் புதுச்சேரி பக்கத்தில் இருக்கிறது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை கார் உதிரி அலங்காரப் பொருள்களுக்குப் பேர் போனது. தூரத்தில் சில நூறு ரூபாய் மிச்சப்படுத்துவதைவிட, மாட்டிக் கொடுத்து மழைக்காலம் முடிந்து ஒருமுறை திறந்து பார்க்கவும் சம்மதிக்கும் உள்ளூர்க் கடை பயனுள்ளது. எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லும், பெட்டியிலும் காந்தத்தின் முதுகிலும் ஒரே வரிசை எண்ணும் இருக்க வேண்டும். பிரபல பெயர்களில் போலி நிறைய உலவுகிறது. எடை குறைந்த காந்தமும் மங்கலான அச்சும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

பொருத்தும்போது

தவிலுக்குக் கட்டை எப்படியோ, ஸ்பீக்கருக்குக் கார்க் கதவு அப்படி. ஸ்பீக்கரின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் கதவின் ஓட்டைகள் வழியே சந்தித்தால் அடித்தொனி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் மூடிய துளை ஃபோம் பட்டை, வெளித்தகட்டின் உட்புறத்தில் ஸ்பீக்கருக்கு நேர் பின்னே ஒரு சதுரம் பியூட்டைல் டேம்பிங் தாள்: இந்த இரண்டும் செய்யும் நன்மையை ஸ்பீக்கர் விலையில் இரண்டாயிரம் ரூபாய் கூட்டினாலும் பெற முடியாது. தாளை ஒட்டுமுன் தகட்டின் தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைக்க வேண்டும். உப்புப் படிந்த தகட்டில் ஒட்டியது வெயிலில் கழன்று கண்ணாடி ஏற்றும் கருவியில் சிக்கும். கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளை அது மூடிவிடவும் கூடாது.

டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாலித்தீன் தாளை அவசரத்தில் கிழித்துவிட்டு, இனி எதற்கு என்று தூக்கிப்போடும் ஃபிட்டர்கள் உண்டு. கண்ணாடி வழியே உள்ளே இறங்கும் மழைநீரை வடிகாலுக்குத் திருப்பிவிடுவது அந்தத் தாள்தான். அது போனால் நீர் ஸ்பீக்கர் முனையில் சொட்டும். மிச்சம் கார்ப்பெட்டில் ஊறி, கார்த்திகை முழுக்கக் காரில் புளித்த வாடை அடிக்கும். தாளைக் கருப்புப் பசையோடு மெதுவாக உரித்து, அதே பசையிலேயே திரும்ப ஒட்டச் சொல்லி, அருகில் நின்று பார்க்க வேண்டும்.

காரின் வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவது இன்னொரு வழக்கம். அந்தக் காருக்கு உரிய கப்ளர் வாங்கிச் செருகினால் வயர் முழுதாக இருக்கும், வாரன்ட்டி பேச்சில் சர்வீஸ் சென்டர் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. முறுக்கிய செம்பு முனை உப்புக் காற்றில் விரைவில் கறுத்துத் தொடர்பு விட்டுவிடும். புதிதாக வயர் ஓட்ட வேண்டியிருந்தால் ஈயப்பூச்சு ஏறிய செம்பு வயர், கிரிம்ப் செய்த முனை, அதன் மேல் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ், செருகும் முன் ஒரு துளி சிலிக்கான் கிரீஸ்.

பாசிட்டிவ், நெகட்டிவ் மாறிவிட்டால் ஸ்பீக்கர் கெடாது. ஆனால் ஒருபக்கக் கோன் வெளியே தள்ளும்போது மறுபக்கம் உள்ளே இழுக்கும், அடித்தொனி வற்றிவிடும். ஐயமிருந்தால் ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியை முனைகளில் கணநேரம் தொட வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் ஸ்பீக்கரின் பாசிட்டிவில் பட்டால் கோன் முன்னால் எழும்பும். எல்லாம் முடிந்ததும் செட்டில் பேஸ், டிரெபிள் இரண்டையும் பூஜ்யத்தில் வைத்துத்தான் கேட்கத் தொடங்க வேண்டும். ஒலியளவை உச்சத்துக்குத் திருப்பி, பாட்டு கிழியத் தொடங்கிய பிறகும் அப்படியே விடுவதுதான் ட்வீட்டரைக் கருக்குவது. குறைந்த வாட்ஸ் செட்டில் இந்த ஆபத்து குறையாது, கூடும்.

வெள்ளத்துக்குப் பின்

2015 நவம்பர் மழையிலும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் கரைபுரண்டபோதும் கடலூர் பகுதியில் நீர் சூழ்ந்த வீடுகளின் வாசலில் கார்களும் நின்றன. இருக்கை மட்டத்துக்கு நீர் ஏறினால் கதவு ஸ்பீக்கர் மூழ்கியதாகவே கொள்ள வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் பாட்டு வருகிறதா என்று போட்டுப் பார்ப்பது முதல் தவறு. காய்ந்த பின் ஒலி வந்தாலும் காயில் இடைவெளியில் வண்டல் தங்கியிருக்கும். சில வாரங்களில் உரசத் தொடங்கும். கதவுகளைத் திறந்து நல்ல தண்ணீரால் கழுவி, உலர்த்தி, ஸ்பீக்கரைப் புதிதாக வாங்குவதே வழி. இங்கே முன்யோசனை ஒன்று உதவும். காரோடு வந்த ஸ்பீக்கர் விரிவான காப்பீட்டுக்குள் அடங்கும். பின்னால் மாட்டியதோ, அதன் மதிப்பைப் பாலிசியில் மின்சாதன உதிரியாகக் குறித்து, ஐ.எம்.டி. 24 என்ற சேர்க்கையின் கீழ் தனிப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் இழப்பீட்டுக்கு வரும். பொருத்திய பில்லைப் பாலிசியோடு சேர்த்து வைத்து, அடுத்த புதுப்பித்தலின்போது முகவரிடம் சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம். கழற்றிய கம்பெனி ஸ்பீக்கர்களைத் துடைத்து, உலர்ந்த இடத்தில் பையில் கட்டி வைத்தால், காரை விற்கும் நாளில் அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டுப் புதியவற்றை அடுத்த காருக்கு எடுத்துக்கொள்ள முடியும்.